92 கிலோ எடை, கோத்தகிரி இறக்கம்: மலைச் சைக்கிளுக்கு வலிமையான ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் எது?

செம்மண் தடம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கோவையில் வசிக்கிறேன். மாதத்துக்கு இரண்டு முறையாவது சைக்கிளைக் காரின் பின்புறம் மாட்டிக்கொண்டு கோத்தகிரிக்குச் செல்வேன். அங்கே நண்பர் ஒருவருடைய தேயிலைத் தோட்டத்து மண்பாதைகளில் பகல் முழுவதும் ஓட்டிவிட்டு, மாலையில் மேட்டுப்பாளையம் வரை தார்ச்சாலையில் இறங்கி வருவது வழக்கம். என்னுடைய எடை 92 கிலோ, சைக்கிள் 15 கிலோ, முதுகுப்பையும் தண்ணீரும் 3 கிலோ. ஆக மொத்தம் 110 கிலோவை அந்தப் பிரேக்குகள் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

என்னுடையது முன்பக்கத்தில் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள, நான்கு ஆண்டுகள் பழைய சைக்கிள். அதில் நிறுவனமே பொருத்திக் கொடுத்தவை இரண்டு பிஸ்டன் (பிரேக் கட்டையைத் தள்ளும் உருளை) கொண்ட தொடக்கநிலை ஹைட்ராலிக் பிரேக்குகள்; இரு பக்கமும் 160 மில்லிமீட்டர் ரோட்டார் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தகடு). சமவெளியில் இவற்றைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனால் சென்ற மாதம் நடந்தது என்னைக் கொஞ்சம் உலுக்கிவிட்டது. தோட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து ஓடைப் பாலத்துக்கு இறங்கும் பாதை செங்குத்தானது, முக்கால் கிலோமீட்டர் நீளமுள்ளது. பாதிக்கு மேல் வந்தபோது லிவரை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் குறையவில்லை. லிவர் கெட்டியாகத்தான் இருந்தது; விரல்கள் வலிக்கும் அளவுக்கு அழுத்தியும் சைக்கிள் தன்போக்கில் போய்க்கொண்டே இருந்தது. ஏதோ எரிந்ததுபோல ஒரு நெடி வந்தது. பாலத்துக்குச் சற்று முன்னால் வேறு வழியின்றித் தேயிலைச் செடிகளுக்குள் திருப்பி விழுந்தேன். முழங்கையில் கீறல்களோடு போயிற்று. செடிகள் இல்லாத பக்கமாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து இணையத்தில் மதிப்புரைகளைப் படித்துப் படித்துக் குழப்பம்தான் மிஞ்சியிருக்கிறது. ஸ்ராம் மேவன், மகுரா எம்டி7, ஹோப் டெக் 4 வி4, ஹேய்ஸ் டொமினியன் ஏ4, ஷிமானோ எக்ஸ்டி நான்கு பிஸ்டன் என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்கிறார்கள். பணம் ஒரு பொருட்டல்ல என்று சொல்ல மாட்டேன். ஆனால் உயிருக்கு முன்னால் கணக்குப் பார்க்கவும் விரும்பவில்லை. இவற்றில் மிக வலிமையானது எதுவோ அதை வாங்கிவிடலாம் என்றே இப்போதைக்கு எண்ணுகிறேன். இது சரியான முடிவா, அல்லது நான் பார்க்கத் தவறியது ஏதேனும் உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

---

பழைய ஸ்பேனர்

தம்பி, முதலில் நீங்கள் நலமாக எழுந்து வந்ததில் மகிழ்ச்சி. எந்தப் பிரேக் என்ற கேள்விக்குப் போவதற்கு முன்னால், உங்கள் பிரேக் எப்படித் தோற்றது என்பதைப் பார்க்க வேண்டும். ஏனெனில் "பிரேக் பிடிக்கவில்லை" என்று நாம் ஒரே வாய்ச்சொல்லில் சொல்லிவிடுவதற்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல குறைகள் ஒளிந்திருக்கின்றன.

லிவர் பஞ்சுபோல மெத்தென்று ஆகி, ஹேண்டில் பாரைத் தொடும் அளவுக்கு உள்ளே வந்துவிட்டால், குழாய்க்குள் காற்று இருக்கிறது அல்லது காலிப்பரில் (பிஸ்டனையும் பிரேக் கட்டைகளையும் தாங்கும் பிடியில்) உள்ள திரவம் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகிவிட்டன என்று பொருள். திரவத்தை அழுத்தத்தால் சுருக்க முடியாது. ஆவியைச் சுருக்க முடியும். ஆகவே உங்கள் விரலின் உழைப்பு முழுவதும் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகும். உங்களுக்கு நேர்ந்தது அதுவல்ல. லிவர் கெட்டியாக இருந்தது, விரல் வலித்தது, நெடி வந்தது என்கிறீர்கள். அப்படியானால் அழுத்தம் பேட் (பிரேக் கட்டை) வரை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பேட்டுக்கும் ரோட்டாருக்கும் இடையிலான உராய்வுதான் கைவிட்டிருக்கிறது. ரெசின் (பிசின் வகை) பேட்டில் உள்ள பிணைப்புப் பொருள் அளவுக்கு மீறிச் சூடானால் பேட்டின் முகப்பு பிடிப்பை இழந்துவிடும். ஆறிய பிறகு அந்த முகப்பு கண்ணாடிபோல மினுமினுப்பாகிவிடும். பேட்டைக் கழற்றிச் சாய்த்துப் பாருங்கள், முகப்பில் ஒளி பட்டுத் திரும்பினால் சந்தேகமே வேண்டாம்.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்திருக்கும்போது எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்பது ஒன்று; தொடர்ந்து வரும் சூட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது வேறொன்று. மதிப்புரைகளில் பெரும்பாலும் முதலாவதைத்தான் "வலிமை" என்று சொல்கிறார்கள். நீங்கள் விழுந்தது இரண்டாவதால்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே உயர வேறுபாடு சுமார் 1,450 மீட்டர். 110 கிலோ அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 15 லட்சம் ஜூல். ஐந்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். காற்றுத் தடையும் டயரும் எடுத்துக்கொண்டது போக மீதியெல்லாம் இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகளில்தான் இறங்குகிறது. பத்து விழுக்காடு சரிவில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு மணிக்கு 30 கிலோமீட்டரில் இறங்கினால், பிரேக்குகளுக்குப் போவது ஏறத்தாழ 500 வாட். வீட்டு இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் பாதியை உள்ளங்கை அகலத் தகடுகளில் இடைவிடாமல் ஏற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அதைவிட மெதுவாகப் போனாலும் ஒரு நொடிக்கான சூடு குறைகிறது, அதைவிட வேகமாகப் போனாலும் காற்றே பாதியைத் தாங்கிக்கொள்வதால் குறைகிறது. அச்சத்தில் நாம் எல்லாரும் இயல்பாகப் பிடித்துக்கொள்ளும் அந்த நடுவேகம்தான் ரோட்டாருக்கு மிகக் கொடியது.

ஆகவே புதிய பிரேக் வாங்குவதற்கு முன் மூன்று செய்திகளைப் பார்த்து எழுதுங்கள். ரோட்டாரின் உட்பக்கக் கைகளில் ஏதேனும் எழுத்து பொறித்திருக்கிறதா? முன் ஃபோர்க்கும் பின் ஃபிரேமும் அதிகபட்சம் எத்தனை மில்லிமீட்டர் ரோட்டாரை அனுமதிக்கின்றன? பேட்டின் உராய்வுப் பொருள் எவ்வளவு தடிமன் மீதமிருக்கிறது? அரை மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மற்ற பேச்சுக்கெல்லாம் இடமே இல்லை.

---

முப்பத்தாறாம் வளைவு

பெரியவர் சொன்ன சூட்டுக் கணக்கை ஏற்கிறேன். இருந்தாலும் அவர் போகும் திசை எனக்குத் தெரிகிறது: பேட்டை மாற்று, ரோட்டாரைப் பெரிதாக்கு, பழைய காலிப்பரையே வைத்துக்கொள் என்று முடிப்பார். 92 கிலோ உள்ளவருக்கு அது அரைகுறை மருத்துவம் என்பது என் கருத்து. நானும் 88 கிலோ. கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டு பிஸ்டன் பிரேக்கோடும் இறங்கியிருக்கிறேன், நான்கு பிஸ்டன் பிரேக்கோடும் இறங்கியிருக்கிறேன். இரண்டாவதில் கீழே வந்த பிறகும் என் கைவிரல்களால் சட்டைப் பொத்தானைக் கழற்ற முடிந்தது.

ஆனால் நான்கு பிஸ்டன் என்ற எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் ஏமாற வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லிவரின் விசையைப் பெருக்கித் தருவது பிஸ்டன்களின் எண்ணிக்கையல்ல, அவற்றின் மொத்தப் பரப்பு. ஷிமானோவின் இரண்டு பிஸ்டன் காலிப்பரில் பிஸ்டனின் விட்டம் 22 மில்லிமீட்டர். ஒரு பக்கப் பரப்பு சுமார் 380 சதுர மில்லிமீட்டர். ஸ்ராமின் கோட் (Code) என்ற பிரேக்கில் ஒரு பக்கத்துக்கு 15, 16 மில்லிமீட்டரில் இரண்டு பிஸ்டன்கள். கூட்டிப் பாருங்கள், 378 வரும். அதாவது பரப்பில் இரண்டும் ஒன்றே! மகுரா எம்டி5, எம்டி7 இரண்டிலும் 17 மில்லிமீட்டரில் நான்கு. ஒரு பக்கம் 454. 2024 இல் வந்த மேவனில் 18, 19.5 மில்லிமீட்டர், ஒரு பக்கம் 553. கோட் பிரேக்கைவிட மேவன் ஏன் அவ்வளவு முரட்டுத்தனமாகப் பிடிக்கிறது என்பதற்கு இந்த ஒரு எண்ணே பெரும்பகுதி விடை. லிவருக்குள் இருக்கும் பிஸ்டனின் அளவும் லிவரின் நெம்புகோல் அமைப்பும் சேர்ந்துதான் இறுதி வலிமையைத் தீர்மானிக்கின்றன என்பதால் இதை மட்டுமே வைத்துத் தீர்ப்பு எழுதவும் முடியாது.

அப்படியானால் நான்கு பிஸ்டனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பேட் நீளமாகிறது, அதனால் ரோட்டாரைத் தொடும் பரப்பு கூடுகிறது, தேய்மானம் பரவலாகிறது, சூட்டை வாங்கிக்கொள்ளக் காலிப்பரில் கூடுதல் உலோகம் இருக்கிறது. அந்த வகையில் பெரியவர் சொன்ன இரண்டாவது வலிமைக்கும் அதுவே மருந்து. என்னைக் கேட்டால் மேவனை வாங்குங்கள், 200 மில்லிமீட்டர் ரோட்டாரைப் பூட்டுங்கள், பத்து ஆண்டுகளுக்கு இந்தப் பேச்சையே மறந்துவிடலாம்.

---

செம்மண் தடம்

இருவருக்கும் நன்றி. நேற்று மாலை சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். ரோட்டாரின் கையில் மிகச் சிறிய எழுத்தில் "ரெசின் பேட் மட்டும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. நான்கு ஆண்டுகளாகத் துடைத்த தகட்டில் இதை ஒருமுறைகூடப் படித்ததில்லை. பேட்டுகளில் இன்னும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆனால் ஐயா சொன்னதுபோலவே முகப்பு பளபளக்கிறது. முன் பேட்டின் ஓரத்தில் எண்ணெய் ஊறியதுபோல ஒரு கருமையும் தெரிகிறது. விழுந்ததற்கு முந்தைய வாரம் ஒரு கடையில் சைக்கிளைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தேன். வாங்கும்போது சைக்கிள் முழுவதும் புதிதுபோல மினுங்கியதைப் பார்த்துப் பாராட்டிவிட்டு வந்தது இப்போது நினைவுக்கு வருகிறது.

ஃபோர்க்கின் கையேட்டை இணையத்தில் தேடி எடுத்தேன். அதிகபட்ச ரோட்டார் 180 மில்லிமீட்டர் என்று தெளிவாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். பின் ஃபிரேமுக்கும் 180தான். முன்சக்கரம் 9 மில்லிமீட்டர் குவிக் ரிலீஸ் (கைப்பிடியால் சட்டென்று கழற்றக்கூடிய) அச்சில் நிற்கிறது. 200 மில்லிமீட்டர் ரோட்டார் பூட்ட வேண்டுமானால் ஃபோர்க்கையும், அதோடு முன்சக்கரத்தையும் மாற்ற வேண்டும் போலிருக்கிறது. ஒரு அடாப்டரைப் போட்டு 203ஐப் பூட்டிவிடலாம், ஒன்றும் ஆகாது என்று கடையில் ஒருவர் சொல்கிறார். அது சரியா?

இன்னொரு ஐயம். சில பிரேக்குகள் மினரல் ஆயிலிலும் சில டாட் எனப்படும் வாகனப் பிரேக் திரவத்திலும் இயங்குகின்றன. மலை இறக்கத்துக்கு எது பாதுகாப்பானது?

---

குன்னூர் மழை

திரவத்தைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். குன்னூரில் குடியிருப்பதால் ஈரத்தோடு போராடிய அனுபவம் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

டாட் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டாட் 5.1க்கு வரையறுத்த குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 260 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் 180 பாகை. டாட் 4 என்றால் 230, 155. அதாவது ஆண்டுக்கொரு முறையாவது மாற்றாவிட்டால் நீங்கள் வாங்கிய கொதிநிலையில் கணிசமான பகுதியை மழை தின்றுவிடுகிறது. மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. அதனால் அதைப் பல ஆண்டுகள் தொடாமலே விட்டுவிடலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. அது பாதி உண்மை. தேய்ந்த சீல் வழியாக உள்ளே புகும் சிறு துளி நீர் எண்ணெயில் கரையாமல், எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அடியில் போய்த் தங்கும். பிரேக்கின் அடி என்பது காலிப்பர். இருப்பதிலேயே அதிகம் சூடாகும் இடம். அங்கே தங்கிய நீர் நூறு பாகையைத் தாண்டினால் ஆவியாகத் தொடங்கிவிடும். ஆகவே எந்தத் திரவமானாலும் ஆண்டுக்கு ஒருமுறை, தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும், பழையதை வெளியேற்றிப் புதியதை ஏற்றிவிடுவது என் வழக்கம்.

கையாளுவதற்கு மினரல் ஆயில் எளிது. சைக்கிளின் பெயிண்டை அரிக்காது, கையில் பட்டாலும் பெரிய தொல்லை இல்லை. டாட் திரவம் பெயிண்டைத் தின்றுவிடும். டாட் பக்கம் உள்ள ஒரே பெரிய வசதி, டாட் 4 நம்மூர் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை எதிலும் கிடைக்கும் என்பதுதான். இரண்டையும் ஒருபோதும் மாற்றி ஊற்றக் கூடாது. ஒன்றுக்கென்று செய்த ரப்பர் சீல் மற்றொன்றில் ஊதிப் பெருத்துக் கெட்டுவிடும். பிறகு லிவரையும் காலிப்பரையும் சேர்த்தே தூக்கி எறிய வேண்டியதுதான். டாட் 5 என்ற பெயரில் வருவது சிலிகான் திரவம், 5.1 என்று நினைத்து அதை வாங்கிவிடக் கூடாது. தையல் இயந்திர எண்ணெயும் மினரல்தானே என்று கேட்டு ஊற்றியவர் ஒருவரை எனக்குத் தெரியும், அந்தக் கதை இங்கே வேண்டாம்.

கடையில் மினுங்கவைத்தது பற்றிச் சொன்னீர்களே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மினுங்கல் ஸ்ப்ரேயில் சிலிகான் இருக்கும். அதன் சாரல் ரோட்டாரில் பட்டாலே பேட் அதைக் குடித்துவிடும். எண்ணெய் குடித்த பேட்டை அடுப்பில் சுட்டெடுப்பதும் மணல் தாளில் தேய்ப்பதும் இரண்டு நாள் ஆறுதலுக்கு மட்டுமே. தூக்கிப் போடுங்கள். ரோட்டாரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்தால் போதும்.

---

பழைய ஸ்பேனர்

குன்னூர் அம்மா எழுதியதில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. முப்பத்தாறாம் வளைவு நண்பர் என் முடிவைத் தவறாக ஊகித்துவிட்டார். ரோட்டாரின் அந்தச் சிறு எழுத்தைக் கேட்டவுடன் நானும் அவர் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் மேவன் வரை போக மாட்டேன்.

முதலில் 203 மில்லிமீட்டர் பற்றி. ஃபோர்க்கின் உற்பத்தியாளர் 180 என்று சொல்லியிருந்தால் 180தான். பெரிய ரோட்டார் என்பது நீளமான நெம்புகோல். அது சக்கரத்தைப் பிடிக்கும் விசையைக் கூட்டும்போது, காலிப்பரைத் தாங்கி நிற்கும் இடது பக்கக் காலையும் அதே அளவுக்குத் திருகுகிறது. அதற்கு மேல் உங்களுடையது திறந்த கவட்டில் உட்காரும் குவிக் ரிலீஸ் அச்சு. பிரேக் பிடிக்கும் விசை அச்சைக் கவட்டிலிருந்து வெளியே தள்ளும் திசையில் வேலை செய்கிறது. அடாப்டர் பொருந்துகிறது என்பது திருகின் சம்மதம், ஃபோர்க்கின் சம்மதமல்ல. அதே காரணத்தால்தான் மேவனையும் வேண்டாம் என்கிறேன். கனத்த ஃபோர்க்கும் தடித்த அச்சும் உள்ள சைக்கிளை நினைத்துச் செய்த பிரேக் அது. மெலிந்த ஃபோர்க்கில் அதைப் பூட்டினால், ஒரு விரலைச் சற்று அதிகம் அழுத்திய நொடியில் ஃபோர்க் பின்னுக்கு வளைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஈரச் செம்மண்ணில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி எதை வாங்குவது. உங்கள் ரோட்டார் ரெசின் பேட்டை மட்டுமே ஏற்கும் மென்மையான எஃகு. கடினமான உலோகப் பேட்டை அதில் போட்டால் தகட்டைச் சுரண்டித் தின்றுவிடும். ஆகவே ரோட்டாரை எப்படியும் மாற்றியாக வேண்டும், பேட்டுகளையும் மாற்றியாக வேண்டும். இரண்டும் போன பிறகு மிஞ்சுவது நான்கு ஆண்டு பழைய தொடக்கநிலைக் காலிப்பரும் லிவரும்தான். அவற்றைக் காப்பாற்றி என்ன செய்யப் போகிறோம்? ஷிமானோ டியோர் எம்6120 நான்கு பிஸ்டன் காலிப்பர் உங்களுக்குச் சரியான இடம். எஸ்எல்எக்ஸ், எக்ஸ்டி ஆகியவற்றின் நான்கு பிஸ்டன் காலிப்பர்கள் எடுத்துக்கொள்ளும் அதே பேட் வடிவம்தான் இதற்கும். மேலே போகப் போக லிவரில் நுண்ணிய திருகுகளும் மெருகும் கூடுகின்றன. கூடுதல் பணம் இருந்தால் அதை லிவரில் போடாமல் ரோட்டாரில் போடுங்கள் என்பேன். இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே அலுமினியத்தை வைத்து அமுக்கிய ஐஸ் டெக் வகை ரோட்டாரும், முதுகில் குளிர்விக்கும் இறகுகள் உள்ள பேட்டும் உங்கள் கோத்தகிரிச் சாலைக்கென்றே செய்தவைபோல இருக்கும். அலுமினியம் எஃகைவிட மிக விரைவாகச் சூட்டைக் கடத்திவிடும்.

160இலிருந்து 180க்குப் போவதாலேயே நெம்புகோல் நீளம் பன்னிரண்டரை விழுக்காடு கூடும். முன்பக்கம் உலோகப் பேட், பின்பக்கம் ரெசின் என்று தொடங்குங்கள். உலோகப் பேட் மழையிலும் சேற்றிலும் மெதுவாகத் தேயும், சூட்டில் கைவிடாது. ஆனால் சத்தம் போடும், சூட்டைத் திரவத்துக்கும் சற்று அதிகமாகக் கடத்தும்.

வாங்கும்போது ஒரு சங்கதியைக் கேட்டு வாங்குங்கள். நம்மூரில் வலது லிவர் முன்பிரேக்குக்குச் செல்வது வழக்கம். திரவம் ஏற்றி மூடிய நிலையில் விற்பனைக்கு வரும் பல தொகுப்புகளில் வலது லிவரோடு பின்சக்கரத்துக்கான நீளக் குழாய் இணைந்திருக்கும். கவனிக்காமல் வாங்கினால் குழாய்களை மாற்றி, வெட்டி, புதிய பித்தளை வளையம் போட்டு மறுபடியும் பிளீடிங் (காற்றை வெளியேற்றித் திரவம் நிரப்புதல்) செய்ய வேண்டிவரும். அல்லது பல ஆண்டுப் பழக்கத்துக்கு எதிராக இடது கையால் முன்பிரேக்கைப் பிடிக்க நேரும். ஆபத்து வரும் நொடியில் கை பழைய பழக்கத்துக்குத்தான் ஓடும்.

கடைசியாகக் காசில்லாமல் கிடைக்கும் வலிமை ஒன்று. லிவரை ஹேண்டில் பாரில் சற்று உட்புறமாகத் தள்ளிவையுங்கள். ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் லிவரின் வளைந்த நுனியில் உட்கார வேண்டும். நடுவில் அழுத்துவதற்கும் நுனியில் அழுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை முதல் நாளே உணர்வீர்கள்.

---

முப்பத்தாறாம் வளைவு

குவிக் ரிலீஸ் அச்சு என்று தெரிந்திருந்தால் நானும் மேவனைச் சொல்லியிருக்க மாட்டேன். கேட்காமல் பரிந்துரைத்தது என் பிழை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். புதிய பிரேக்கைப் பூட்டிய அன்றே கோத்தகிரிக்குப் போய்விடாதீர்கள். பேட்டின் பொருள் மெல்லிய படலமாக ரோட்டாரில் ஏறினால்தான் முழுப் பிடிப்பு கிடைக்கும். ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு இருபது முறையும், இன்னும் சற்று வேகத்திலிருந்து பத்து முறையும் குறைத்துப் பழக்குங்கள். எந்த முறையும் முழுமையாக நிறுத்திவிடக் கூடாது. நின்ற இடத்தில் பேட்டின் அச்சு ரோட்டாரில் பதிந்துவிட்டால் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் லிவர் துடிக்கும். இறக்கத்தில் பிரேக்கை இழைத்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, வளைவில் விட்டுவிடுங்கள். விடும் அந்த ஐந்தாறு நொடியில்தான் ரோட்டாருக்கு மூச்சு வருகிறது.

---

செம்மண் தடம்

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். டியோர் நான்கு பிஸ்டன், இரு பக்கமும் 180 மில்லிமீட்டர் ஐஸ் டெக் ரோட்டார், முன்னால் இறகு வைத்த உலோகப் பேட், பின்னால் ரெசின் என்று பூட்டியாயிற்று. ஐயா எச்சரித்தபடியே தொகுப்பில் வலது லிவரோடு நீளக் குழாய்தான் வந்தது. குழாய்களை மாற்றிப் போட்டு, லிவரில் புனலை வைத்துக் காலிப்பரிலிருந்து ஊசிக்குழலால் எண்ணெயை மேலே தள்ளி, குழாயை விரலால் சுண்டிச் சுண்டிக் கடைசிக் குமிழி வரை ஏற்றுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. பின் குழாயில் ஒரே ஒரு குமிழி ஃபிரேமின் வளைவில் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது. முன்சக்கரத்தை உயர்த்திச் சைக்கிளைச் சுவரில் சாய்த்து நிறுத்திய பிறகுதான் அது மேலே வந்தது.

சென்ற சனிக்கிழமை அதே ஓடைப் பாதையில் இறங்கினேன். ஒற்றை விரல் போதுமாக இருந்தது. பாலத்துக்கு முன்னால் நின்று, ரோட்டாரின் மீது தண்ணீர் பாட்டிலிலிருந்து ஒரு துளி விட்டுப் பார்த்தேன்; சீறிக்கொண்டு ஆவியானது. ஆனால் லிவர் பாதையின் தொடக்கத்தில் எங்கே பிடித்ததோ அதே இடத்தில்தான் இறுதியிலும் பிடித்தது. மாலையில் மேட்டுப்பாளையம் வரை இறங்கியபோதும் நெடியோ விரல் வலியோ இல்லை. பழக்கதோஷத்தில் நான்தான் வளைவுக்கு மிக முன்னதாகவே பிடித்து, பிறகு மிதித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

ஒரே ஒரு குறை. அரவேணு தாண்டித் தூறல் பிடித்தது; சாலை நனைந்ததும் முன்பிரேக் பிடிக்கும்போதெல்லாம் யானை பிளிறுவதுபோல ஒரு சத்தம். பழைய பேட்டைப்போல இதுவும் எண்ணெய் குடித்துவிட்டதோ என்று அஞ்சுகிறேன்.

---

பழைய ஸ்பேனர்

நனைந்தபோது கத்தி, காய்ந்ததும் அடங்கிவிட்டதா? அப்படியானால் எண்ணெய் அல்ல, உலோகப் பேட்டின் இயல்பு. நான்கைந்து முறை அழுத்திப் பிடித்தால் நீர் வற்றி நின்றுவிடும். காய்ந்த சாலையிலும் கத்தி, பிடிப்பும் குறைந்தால் மட்டும் கழற்றிப் பாருங்கள். சூடான ரோட்டாரில் இனித் தண்ணீர் விட வேண்டாம், தகடு கோணிவிடும்.